ஹெர்பேரியம் தாள்களைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

பல கல்லூரிகளின் தாவரவியல் துறையில் ஒரு மூலையில் இரும்பு பீரோக்கள் நிற்கும். திறந்தால் நாப்தலீன் நெடி. உள்ளே பழுப்பேறிய உறைகளில், தாளில் ஒட்டித் தைத்த காய்ந்த செடிகள். ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் ஒரு லேபிள்: யார், எங்கே, எப்போது பறித்தார் என்ற விவரம். அந்தத் தாள்களைப் படமெடுத்து, லேபிளில் உள்ளதை அட்டவணையாக்கி, தேடினால் கிடைக்கும்படி வைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

கோவையில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் போன்ற பெரிய தொகுப்புகள் இங்கே நம் கணக்கில் இல்லை. தனிப் பணியாளர் கிடையாது, இரண்டு ஆசிரியர்களும் சில முதுகலை மாணவர்களும்தான் கைகொடுப்பார்கள், சில ஆயிரம் தாள்கள் இருக்கின்றன என்ற நிலையில் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதற்கு இந்தப் பாடு என்று துறைத் தலைவர் கேட்டால் இரண்டு தேதிகளைச் சொல்லுங்கள். 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. நம் பீரோக்களுக்குத் தீயைவிட வண்டும் ஈரமும்தான் பெரிய எதிரி. அவை சத்தமில்லாமல் தின்றுவிடும்.

இன்னொன்று. இந்த வேலை என்றாலே கேமரா வாங்குவதில் தொடங்குபவர்கள் அதிகம். படமெடுப்பது இதில் எளிய பகுதி. நேரத்தை விழுங்குவது லேபிள்தான். அதனால் கேமராவுக்கு முன் செய்யவேண்டியவற்றிலிருந்து ஆரம்பிப்போம்.

முதலில் பீரோவைப் பாருங்கள்

1. ஒவ்வொரு தட்டிலும் எத்தனை தாள்கள் என்று எண்ணி எழுதுங்கள். உத்தேசக் கணக்கு பெரும்பாலும் ஏமாற்றும்.
2. தட்டுக்குப் பத்துத் தாள்களை எடுத்துப் பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்: நல்ல நிலை, ஒட்டவேண்டியது, தொடக்கூடாதது.
3. சிவப்பு உறையில் இருப்பவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டிய டைப் மாதிரிகளை அப்படி வைப்பது வழக்கம். அவற்றைப் பழகாத கைகளிடம் கொடுக்காதீர்கள். பயிற்சி முடிந்தபின் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம்.
4. சேகரித்தவர்களின் களக் குறிப்பேடுகள் எங்கே என்று விசாரியுங்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். ஒரு குறிப்பேடு கிடைத்தால் லேபிள் வேலையில் பாதிச் சிக்கல் தீரும்.

விஷம்: இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்

பூச்சி அரிக்காமலிருக்க, காய்ந்த செடியை மெர்குரிக் குளோரைடு கலந்த ஆல்கஹாலில் நனைத்து ஒட்டுவது முன்பு உலகெங்கும் இருந்த பழக்கம். அந்தப் பாதரசம் இன்னும் தாளில் இருக்கிறது. ஆண்டுகள் கழிந்தும் ஆவியாகி, மூடிய பீரோவுக்குள் தேங்குகிறது.

அடையாளம்: தாளில் 'விஷமிடப்பட்டது' என்ற பொருளில் ஒரு முத்திரை இருக்கலாம். முத்திரை இல்லாவிட்டாலும், செடியைச் சுற்றியோ அதைத் தொட்டுக்கொண்டிருந்த உறையிலோ சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் செடியின் நிழல் போன்ற கறை தெரிந்தால் பாதரசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டாலும் பழைய தாள்கள் அனைத்தையும் விஷம் உள்ளவையாகவே நடத்துங்கள்.

செய்யவேண்டியவை:

1. காலையில் வந்ததும் ஜன்னல்களையும் பீரோக்களையும் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். காற்று மாறியபின் உள்ளே வாருங்கள்.
2. நைட்ரைல் கையுறை அணியுங்கள். தூசிக்கு என்95 முகக்கவசம் உதவும். பாதரச ஆவியை அது தடுக்காது. ஆவிக்கு மருந்து காற்றோட்டம் ஒன்றுதான்.
3. உதிர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தூசி எழும்பி மூக்குக்குத்தான் வரும். ஹெபா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர் வேண்டும். இல்லையென்றால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியைத் தனிப் பையில் கட்டி வையுங்கள்.
4. அறைக்குள் டீ, வடை, தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். தாள் புரட்ட விரலை நாக்கில் தொடும் பழக்கம் உள்ளவர்களை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். சொன்னாலும் கை தானாகப் போய்விடும்.
5. கருவுற்ற பெண்களுக்கு இந்த அறையில் வேலை வேண்டாம். படங்களைப் பார்த்து லேபிள் தட்டச்சு செய்யும் பகுதியை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.
6. நாப்தலீன் உருண்டை நிறைந்த பீரோக்களிலும் எச்சரிக்கை தேவை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

விலங்கியல் துறையின் பாடம் செய்த பறவைகளையும் கையோடு படமெடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பழைய தோல்களில் ஆர்சனிக் பூசியிருப்பார்கள். கண்குழி, அலகின் அடி, தையல் ஓரம் ஆகிய இடங்களில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பெட்டியை மூடிவிடுங்கள். அதற்கு முறை வேறு.

வண்டு

சிகரெட் வண்டு, மருந்துக்கடை வண்டு என்று இரண்டு பழுப்பு வண்டுகள் நம் ஹெர்பேரியங்களைப் பிடித்து ஆட்டுகின்றன. மிளகாய்த்தூள் டப்பாவில் நெளியுமே, அவையேதான். தாளில் மெல்லிய தூளும் ஊசித்துளையும் தெரிந்தால் அந்த உறையைப் படமெடுக்கும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி மூடி, −18 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். உணவு வைக்கும் ஃபிரீசர் இதற்கு ஆகாது. காரணம் மேலே சொன்ன பாதரசம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், தாள்களை வெளியே பரப்பி வைக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் லேபிள் தட்டச்சு, தை பிறந்தால் படப்பிடிப்பு என்று ஆண்டைப் பிரித்துக்கொள்வது நல்லது.

எண்

ஒவ்வொரு தாளுக்கும் வேறு எதற்கும் இல்லாத ஓர் எண் வேண்டும். தாளில் ஒட்டும் பார்கோடு, படக் கோப்பின் பெயர், அட்டவணையின் முதல் நிரல் மூன்றிலும் அதே எண்தான் இருக்கவேண்டும்.

எண்ணுக்கு முன்னால் நிறுவனக் குறி வரும். நியூயார்க் தாவரவியல் பூங்கா பராமரிக்கும் 'இண்டெக்ஸ் ஹெர்பேரியோரம்' பட்டியலில் ஒவ்வொரு ஹெர்பேரியத்துக்கும் குறி தருகிறார்கள். மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு எம்ஹெச், ராபினாட்டுக்கு ஆர்ஹெச்டி. உங்கள் தொகுப்புக்கு இல்லையென்றால் முதலில் விண்ணப்பியுங்கள். நீங்களே ஒன்றை வைத்துக்கொண்டால் அது வேறொருவருடைய குறியாக இருக்கலாம்.

- எண்ணுக்குள் ஆண்டு, குடும்பம், மாவட்டம் எதையும் நுழைக்காதீர்கள். நாளை குடும்பம் மாறும், எண் மாறக்கூடாது.
- பார்கோடு ஒட்டுத்தாளை அமிலமற்ற காகிதத்தில் லேசர் பிரிண்டரில் அச்சிடுங்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கசியும்.
- ஒரே செடி இரண்டு தாள்களில் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண். ஒன்றுக்கொன்று உறவு என்பதை அட்டவணையில் குறியுங்கள்.
- பழைய பதிவேட்டு எண்ணை அடிக்காதீர்கள். அது தனி நிரலில் உயிரோடு இருக்கட்டும்.

படமெடுக்கும் மேசை

நம் ஊர் ஹெர்பேரியம் தாள் பெரும்பாலும் 42 × 28 செ.மீ. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 புள்ளிகள். இரண்டும் 3:2 விகிதம், சௌகரியம். ஓரத்தில் அளவுகோலுக்கும் நிறப்பட்டைக்கும் இடம் விட்டு 48 செ.மீ. நீளத்தைச் சட்டத்துக்குள் அடக்கினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 317 புள்ளிகள் கிடைக்கும். லேபிளைப் படிக்கவும் இலை விளிம்பைப் பார்க்கவும் இது போதும். டைப் மாதிரிகளுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்பது உலக வழக்கம். அதற்கு ஸ்கேனர் வேண்டும்.

ஸ்கேனர் என்றதும் ஜெராக்ஸ் கடைப் பழக்கத்தில் தாளைக் கவிழ்த்து வைக்காதீர்கள். விதை உதிரும், பூ நொறுங்கும். கியூ தாவரவியல் பூங்காவில் பயன்படுத்தும் 'ஹெர்ப்ஸ்கேன்' கருவியில் ஸ்கேனரையே தலைகீழாகப் பொருத்தி, தாளை அடியிலிருந்து மேலே தூக்கிக் கொடுப்பார்கள். தாளைக் கவிழ்க்காமல் இருப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு.

அமைக்கும் வரிசை:

1. ஆடாத மேசை, அதில் கேமராவை நேர் கீழே பார்க்கவைக்கும் காப்பி ஸ்டாண்டு. ட்ரைபாடு சரியும், வேண்டாம்.
2. 50 மி.மீ. நிலைக்குவிய லென்ஸ். முழுச்சட்ட கேமரா என்றால் தாளிலிருந்து சுமார் 75 செ.மீ., சிறிய சென்சார் என்றால் 1 மீட்டருக்குச் சற்று மேல் உயரம் தேவைப்படும். ஸ்டாண்டு வாங்கும் முன் இதைக் கணக்கில் எடுங்கள். ஜூம் லென்ஸ் தன் எடையில் தானே நழுவிக் குவியத்தை மாற்றிவிடும்.
3. கேமரா மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய கண்ணாடியை மேசையில் வையுங்கள். திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் மட்டம் சரி. ரசமட்டத்தைவிட இது நம்பகமானது.
4. இருபுறமும் 45 டிகிரியில் ஒரே வகை எல்இடி விளக்குகள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். வெயிலும் விளக்கும் கலந்தால் காலைப் படம் மஞ்சள், மாலைப் படம் நீலம்.
5. எல்லாம் கையால் அமைக்கும் நிலையில்: ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8, வெள்ளைச் சமன் நிலையானது, குவியம் பூட்டியது.
6. கணினியோடு கேபிளில் இணைத்து, கணினியிலிருந்தே ஷட்டரை இயக்குங்கள். கணினிக்கு யூபிஎஸ் கட்டாயம். மின்வெட்டில் பாதி எழுதிய கோப்பு, திறக்கும் வரை நல்ல கோப்பாகவே தோற்றமளிக்கும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் இதைவிடக் கடினமான அறிவுரை இல்லை. ஆனால் விசிறிக் காற்றில் தாள் துடிக்கும், படம் மங்கும், உதிர்ந்த விதை பக்கத்துத் தாளுக்குப் போய்ச் சேரும். அடுத்த செடிக்குச் சொந்தமில்லாத விதை அங்கே இருப்பது படம் மங்குவதைவிட மோசம்.

ஒரு தாள், ஒரே முறை

தாள் பீரோவை விட்டு வெளியே வருவது ஒரே முறைதான் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாளைக் கையாளட்டும். மற்றவர் கணினியில் இருக்கட்டும். இடையில் வேலையை மாற்றிக்கொள்வதானால் கையுறையைக் கழற்றிவிட்டு மாறுங்கள், இல்லாவிட்டால் கீபோர்டெல்லாம் பாதரசம்.

1. உறையோடு எடுத்து வாருங்கள். தாளை இரு கையாலும், அடியில் கெட்டி அட்டை வைத்துத் தூக்குங்கள். புத்தகப் பக்கம் போலப் புரட்டக்கூடாது.
2. உதிர்ந்த துண்டுகளைக் காகிதப் பொட்டலத்தில் இட்டு அதே தாளில் இணையுங்கள். எந்தத் தாளினது என்று சந்தேகம் இருந்தால் உறையிலேயே 'எதனுடையது எனத் தெரியவில்லை' என்று பென்சிலால் எழுதி வையுங்கள். ஊகித்து ஒட்டாதீர்கள்.
3. பார்கோட்டைக் காலியான இடத்தில் ஒட்டுங்கள். லேபிள், செடி, பழைய முத்திரை எதன் மேலும் படக்கூடாது.
4. அளவுகோல், நிறப்பட்டை, நிறுவனப் பெயர்ப் பட்டை மூன்றையும் தாளுக்கு வெளியே வையுங்கள்.
5. பார்கோட்டை வாசிப்பானால் படியுங்கள். கோப்பின் பெயர் அதிலிருந்தே வரட்டும். கையால் தட்டச்சு செய்த கோப்புப் பெயரில் பிழை வராமல் இருக்காது.
6. எடுங்கள். அங்கேயே 100 சதவீதம் பெரிதாக்கி லேபிளின் மிகச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள்.
7. பெயரைத் திருத்திப் பின்னால் ஒட்டிய சீட்டு லேபிளை மறைத்திருந்தால், சீட்டை மெதுவாகத் தூக்கி இரண்டாவது படம் எடுங்கள்.
8. தாளை உறையில், உறையை அதே தட்டில். பிறகுதான் அடுத்தது.

வழக்கமான தவறு: 'லேபிளையும் இப்போதே அடித்துவிடலாமே' என்று மேசையிலேயே தட்டச்சு செய்வது. தாள் வெளியே கிடக்கும் நேரம் கூடும், படமும் மெதுவாகும். லேபிளைப் படத்திலிருந்து, வேறு அறையில், முகக்கவசம் இல்லாமல் படியுங்கள்.

லேபிள்

தலையாய விதி: லேபிளில் இருப்பதை இருக்கிறபடியே ஒரு நிரலில் எழுதுங்கள், பிழையோடு. உங்கள் விளக்கத்தைப் பக்கத்து நிரலில் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், பின்னால் வருபவருக்கு எது சேகரித்தவர் சொன்னது, எது நீங்கள் நினைத்தது என்று பிரிக்கவே முடியாது. நிரல்களின் பெயருக்கு 'டார்வின் கோர்' என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுங்கள். உலகத் தரவுத்தளங்கள் அதைத்தான் ஏற்கும்.

*பெயர்.* லேபிளில் 'காசியா ஆரிகுலாட்டா' என்றிருக்கும். ஆவாரை இப்போது 'சென்னா ஆரிகுலாட்டா'. லேபிள் நிரலில் பழைய பெயர், விளக்க நிரலில் இன்றைய பெயர். இன்றைய பெயருக்குக் கியூ நிறுவனத்தின் உலகத் தாவரத் தளத்தைப் பாருங்கள்.

*தேதி.* '10/6/29' என்றால் ஜூன் 10ஆ, அக்டோபர் 6ஆ? 1929ஆ? அதே சேகரிப்பாளரின் மற்ற தாள்களில் 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் அவர் வழக்கம் தெரியும். பழைய தாவரவியலாளர்கள் பலர் குழப்பம் வராமலிருக்க மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினார்கள். நீங்கள் விளக்க நிரலில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 1929-06-10 என்று எழுதுங்கள். மாதம் மட்டும் தெரிந்தால் 1929-06 என்று நிறுத்துங்கள். முதல் தேதி என்று நிரப்பாதீர்கள்.

*சேகரித்தவரும் அவர் எண்ணும்.* இதுதான் லேபிளின் முதுகெலும்பு. ஒருவருடைய எல்லாத் தாள்களையும் அவர் இட்ட எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். அவர் போன பாதை கண்முன் விரியும். 1240 முதல் 1260 வரை ஒரே வாரத்தில் கோடைக்கானலில் பறித்தவர் 1251-ஐ மட்டும் சென்னைக் கடற்கரையில் பறித்திருக்க முடியாது. எங்கோ லேபிள் மாறியிருக்கிறது, அல்லது நீங்கள் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். படிக்க முடியாத ஊர்ப்பெயருக்கும் இதே வழி: முந்தைய எண், பிந்தைய எண் இரண்டின் ஊர்களுக்கும் இடையில் தேடுங்கள்.

*மாவட்டம்.* கோடைக்கானலில் பறித்த 1970-ஆம் ஆண்டுத் தாளில் மதுரை மாவட்டம் என்று இருந்தால் அது பிழை இல்லை. திண்டுக்கல் மாவட்டம் பிறந்தது 1985-இல். கொல்லிமலைத் தாளில் சேலம் என்று இருந்தால், நாமக்கல் பிரிந்த 1997-க்கு முந்தையது என்று பொருள். மலபார், தென் கன்னட மாவட்டங்கள் 1956 வரை சென்னையோடு இருந்தவை. மூலத்தைத் தொடாமல், இன்றைய மாவட்டத்துக்கு ஒரு நிரல் சேருங்கள்.

*உயரம்.* தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடம் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா. இம்மாநிலத் தாளில் அதைவிடப் பெரிய எண் இருந்தால் அலகு அடிதான். சிறிய எண்ணுக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே அலகு எழுதப்படாவிட்டால் விளக்க நிரலைக் காலியாக விடுங்கள்.

படிக்கவே முடியாத சொல்லுக்கு [?] இடுங்கள். 'நாமே ஏதாவது போடுவோம்' என்ற மாணவரின் ஆர்வத்தை அன்போடு அடக்கவேண்டியது உங்கள் பொறுப்பு. காலியான கட்டத்தை யாரும் பிறகு நிரப்பலாம். பொய்யான கட்டத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வரைபடத்தில் புள்ளி

பழைய தாளில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. ஊரை வைத்து நீங்கள்தான் தரவேண்டும். புள்ளியை மட்டும் தந்தால் பொய்யான துல்லியம் வந்துவிடும். புள்ளியோடு ஓர் ஆரமும் தாருங்கள்: 'உண்மையான இடம் இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது' என்பதே அதன் பொருள்.

'கோடைக்கானலிலிருந்து 5 மைல்' என்று திசையில்லாமல் இருந்தால் புள்ளி கோடைக்கானல். ஆரம் 8 கி.மீ.யோடு ஊரின் பரப்பையும் சேர்த்து 10 கி.மீ. அளவில் வரும். திசையும் இருந்தால் புள்ளி நகரும், ஆரம் சுருங்கும். 'புதூர்' என்று மட்டும் இருந்தால்? மாவட்டத்துக்குப் பல புதூர்கள். சேகரித்தவரின் பாதை கைகொடுக்காவிட்டால் புள்ளியே வைக்காதீர்கள்.

- 10°15′30″ என்பதை 10.1530 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. 15-ஐ 60-ஆலும் 30-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால் 10.2583.
- தமிழ்நாடு ஏறத்தாழ அட்சரேகை 8 முதல் 13.6 வரை, தீர்க்கரேகை 76 முதல் 80.4 வரை. அட்சரேகை நிரலில் 77 வந்தால் இரண்டும் இடம் மாறிவிட்டன.

எக்செல் செய்யும் சேதம்

1. 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாக ஏற்காது. பிந்தையதைத் தன் விருப்பப்படி மாற்றும். தட்டச்சு தொடங்கும் முன் எல்லா நிரல்களையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். எண்ணின் முன்னிருக்கும் பூஜ்யங்களும் அப்போதுதான் தப்பும்.
2. கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் சில நேரம் நகலெடுக்கும், சில நேரம் ஒவ்வொன்றாகக் கூட்டிவிடும். ஒரே ஊரின் அட்சரேகை 10.23, 11.23, 12.23 என்று வடக்கே நடைபோடும்.
3. ஒரு நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் எல்லாத் தாள்களின் விவரமும் கலைந்துபோகும். ஒவ்வொரு நாளும் மாலையில் தேதியிட்ட தனி நகல் எடுத்து வைப்பது இதற்காகத்தான்.
4. மாதக் கடைசியில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சிஎஸ்வி கோப்பாகவும் சேமியுங்கள். மற்ற குறியாக்கத்தில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும்.

சேமிப்பு

24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 30 எம்பி என்று வைத்தால் 10,000 தாளுக்கு 300 ஜிபி. மூன்று நகல்: இரண்டு வெவ்வேறு வகை ஊடகங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். மூன்று வன்தட்டுகளையும் ஒரே மேஜை இழுப்பறையில் வைப்பது நகலாகாது. ரா அல்லது டிஃப் கோப்பு மூலம். ஜேபெக் பார்வைக்கு மட்டும்.

வெளியிடும் முன் மறைக்கவேண்டியவை

எல்லாத் தாள்களின் இடத்தையும் அப்படியே உலகுக்குக் காட்டக்கூடாது. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய 'பாஃபியோபெடிலம் ட்ரூரியை' என்ற ஆர்க்கிட், சேகரிப்பாளர்கள் அள்ளிப்போனதால் காட்டில் அருகிப்போனது. அப்படிப்பட்ட ஆர்க்கிடுகள், செஞ்சந்தனம், சந்தனம், அரிய மருந்துச் செடிகள் ஆகியவற்றின் புள்ளியை 0.1 டிகிரிக்கு, அதாவது ஏறத்தாழ 11 கி.மீ.க்கு, முழுமையாக்கித் தாருங்கள். துல்லியமான எண் உங்கள் கோப்பில் மட்டும் இருக்கட்டும். பொதுமைப்படுத்தியதை அதற்கான நிரலில் சொல்லிவிடுங்கள். படத்தில் லேபிளே இடத்தைச் சொல்லிவிடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். அந்த இனங்களுக்குப் படத்திலும் லேபிள் பகுதியை மூடவேண்டும்.

பிறகு ஜிபிஃப் போன்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்தில் ஏற்றலாம். அங்கே தனிநபராகப் பதிய முடியாது. கல்லூரி ஒரு நிறுவனமாகப் பதிந்து ஒப்புதல் பெறவேண்டும். முதல்வரின் கையெழுத்துக்கும் துறைகளின் அனுமதிக்கும் ஆகும் காலத்தைத் திட்டத்தில் சேருங்கள்.

ஏற்றிய சில மாதங்களில் எங்கோ இருக்கும் நிபுணர் ஒருவர், 'உங்கள் இந்தத் தாள் அந்த இனம் இல்லை' என்று எழுதுவார். நன்றி சொல்லிவிட்டு அட்டவணையை மட்டும் திருத்தி நிறுத்திக்கொள்ளாதீர்கள். அமிலமற்ற காகிதத்தில் புதிய பெயர், அவர் பெயர், தேதி, 'படத்தைப் பார்த்து அடையாளம் கண்டது' என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதி, பழைய லேபிளுக்கு மேலே காலியிடத்தில் ஒட்டி, அந்தத் தாளை மீண்டும் ஒருமுறை படமெடுத்து, முந்தைய படத்தை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் சேருங்கள். 'ஒரே முறை' விதிக்கு விலக்கு இது ஒன்றுதான்.